சசி அண்ணனுக்கு ஓர் எட்டு சிலிண்டர்

என் கணவர் ஞானசீலன் ஒரு வேலையில் இறங்கினால் வீட்டில் முதலில் காணாமல் போவது என் பொருள்கள்தான். இந்த முறை போனவை: ஸ்வெட்டர் பின்னும் ஊசிகள், பழைய மூக்குக்கண்ணாடி ஒன்று, தையல் மிஷினின் ரப்பர் பெல்ட், கெட்டுப்போய் நின்ற ஃப்ரிட்ஜின் முதுகிலிருந்த செம்புக் குழாய். குழாய் உன்னுடையது இல்லையே என்று வாதாடினார். அந்த ஃப்ரிட்ஜ் எங்கள் அம்மா வீட்டிலிருந்து வந்தது என்று நினைவுபடுத்தினேன். கேட்டுக்கொண்டே குழாயை வளைத்துக்கொண்டிருந்தார்.

கோத்தகிரியை அடுத்த அரவேணுக்குப் பக்கத்தில் ஓர் எஸ்டேட்டின் தேயிலை ஃபேக்டரியில் அவர் ஃபிட்டர். இருபத்தெட்டு வருட சர்வீஸ். பேச்சு குறைவு, கோபம் அதைவிடக் குறைவு. இரண்டிலும் அவர் பங்கையும் சேர்த்து நான் செலவழிக்கிறேன் என்று எங்கள் சபையில் சொல்வார்கள். நான் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள். தப்பைப் பார்த்தால் என் வாய் சும்மா இருக்காது.

அவர் செய்துகொண்டிருந்தது ஒரு கார் எஞ்சின். ஓடாத எஞ்சின். நிஜத்தில் நாலில் ஒரு பங்கு அளவு; பேக்கரியில் வெட்டாமல் விற்கும் முழு பிரெட் அளவுக்கு இருக்கும். எட்டு சிலிண்டர், இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு, இரண்டு வரிசையும் வெளிப்பக்கம் சாய்ந்து நிற்கும். அமெரிக்காவில் சிலருக்கு ஒரு பைத்தியம் உண்டாம். பழைய காரைப் பிடித்து, பானெட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, பெரிய எஞ்சினைத் திணித்து, அது வெளியே பளபளவென்று தெரியும்படி ஊரைச் சுற்றுவார்கள். ஹாட் ராட் என்று பேர். நல்ல வண்டியின் மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டுவதில் என்ன பெருமை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மழை பெய்தால் என்ன செய்வார்கள் என்று கேட்டால் இவர் அரத்தைத் தேடப் போய்விடுவார்.

உண்மையில் இந்தப் பைத்தியம் இவருடையதே இல்லை. கூடலூரில் மோட்டார் பட்டறை வைத்திருந்த சசிதரனுடையது. இருவரும் ஐ.டி.ஐ.யில் ஒரே அறையில் தங்கிப் படித்தவர்கள். இவர் ஃபிட்டர், சசி அண்ணன் மோட்டார் மெக்கானிக். கூடலூர்க்காரர் என்பதால் பாதித் தமிழ், பாதி மலையாளம் பேசுவார். என்னை டீச்சரே என்றுதான் கூப்பிடுவார். அவர் கை படாத ஜீப் அந்த வட்டாரத்தில் குறைவு. பட்டறையின் பின்னால் எஞ்சின் இல்லாத ஒரு பழைய பிக்கப் வண்டியின் கூடு நிற்கிறது. அதில் ஒருநாள் எட்டு சிலிண்டரைப் போட்டு நடுவட்டம் ஏற்றத்தில் டாப் கியரில் ஏற்றிக் காட்டுவேன் என்று இருபத்தைந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டு வருடத்துக்கு முன்பு சர்க்கரை வியாதி அவர் கண்ணை முழுசாகக் கொண்டுபோனது. முதலில் வலது, எட்டு மாதத்தில் இடது. கோயம்புத்தூரில் பார்க்காத டாக்டர் இல்லை.

விஷயம் கேள்விப்பட்டு நாங்கள் போனபோது, என் கணவர் நல்லெண்ணத்தில் ஒரு காரியம் செய்தார். வீட்டை ஒட்டிய பட்டறைக்கு அவரை நடத்திக்கொண்டு போய், அந்த பிக்கப்பின் மேல் அவர் கையை எடுத்து வைத்தார். சசி அண்ணன் கையை உதறிவிட்டார்.

"பாவம் பார்க்க வந்தியாடா நீயும்?" என்று கேட்டார். "எல்லாருக்கும் இதொரு சோலியாப் போச்சு. மதி, போதும், போ."

அதற்குப் பிறகு அவர் பட்டறைப் பக்கம் போகவில்லை. வாசலையே தாண்டவில்லை. ஆஸ்பத்திரிக்குக்கூட அவர் மனைவி ரேணுகாதான் சீட்டை எடுத்துக்கொண்டு தனியாகப் போய் மருந்து வாங்கி வந்தார். என் கணவர் போன் செய்தால் "சுகம்டா" என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான்; போன் ரேணுகாவின் கைக்குப் போய்விடும். இவர் அதையும் விடாமல் வாரம் ஒரு தடவை அந்த ஒரு வார்த்தைக்காகப் போன் செய்வார். பிறகு தோட்டத்துப் பக்கம் போய் நின்றுகொள்வார். பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

இந்த வருடம் பிப்ரவரியில் ரேணுகா என்னிடம் சொன்னார். பட்டறையை ஒருவர் எடுத்துக்கொள்கிறார், ஆகஸ்ட் கடைசியில் கை மாறுகிறது. "டூல்ஸ் பெட்டியும் அதோட போகட்டும்னு சொல்லிட்டாருங்க டீச்சர். ஒரு ஸ்பேனர்கூட வீட்டுல இருக்கக் கூடாதாம்."

சாப்பிடும்போது இதை என் கணவரிடம் சொன்னேன். கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"பெட்டி போயிடுச்சுன்னா அவன் எந்திரிக்கவே மாட்டான் ஜூடி," என்றார்.

எங்கள் இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அவர் சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பேசியது அது ஒரு தடவைதான். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் காய்ந்த சில்வர் ஓக் கட்டை ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். தோட்டத்தில் நிழலுக்கு நின்ற மரம், காற்றில் விழுந்தது. ஆகஸ்டுக்குள் அதிலிருந்து சசி அண்ணனின் எஞ்சின் வர வேண்டும். அதைத் தொட்டாவது அவருக்குப் பெட்டியைக் கையில் எடுக்கத் தோன்ற வேண்டும். இவர் கணக்கு இவ்வளவுதான். தொடாமலே தள்ளிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்க எனக்கே மனசு வரவில்லை.

நிஜமான கணக்கெல்லாம் என் தலையில் விழுந்தது. இன்டர்நெட்டில் எஞ்சினின் படம் கிடைத்தது, அளவெல்லாம் அங்குலத்தில். நாலால் வகுத்து, மில்லிமீட்டராக்கி, பதினாலு கிராஃப் தாளில் வரைந்து கொடுத்தேன். அந்தப் படத்தில் ஒரு விஷயம் இருந்தது. இரண்டு வரிசை சிலிண்டரும் நேருக்கு நேர் நிற்காது. ஒரு வரிசை மற்றதைவிடக் கொஞ்சம் முன்னால் தள்ளி நிற்கும். எங்கள் அளவில் ஐந்தே மில்லிமீட்டர். "இடது வரிசை 5 மி.மீ. முன்னால், ஒன்றாம் நம்பர் சிலிண்டர் அதன் தலைப்பில்" என்று என் கையாலேயே, அடிக்கோடு போட்டு எழுதிக் கொடுத்தேன்.

மே மாதம் எஞ்சின் முடிந்த மாதிரி இருந்தது. உடம்புக்கு ஆரஞ்சு பெயின்ட், மூடிகளுக்கு வெள்ளிப் பூச்சு, வளைந்து இறங்கும் புகைக்குழாய்கள். உண்மையிலேயே அழகாக இருந்தது. நான் போட்டோகூட எடுத்துவிட்டேன். அப்போது அவர் என் மஃப்ளரை எடுத்துக் கண்ணைக் கட்டிக்கொண்டு எஞ்சினைத் தடவ ஆரம்பித்தார். பத்து நிமிஷம் தடவினார். மஃப்ளரை அவிழ்த்தார். உப்புத்தாளை எடுத்து அவ்வளவு பெயின்டையும் தேய்க்கத் தொடங்கினார்.

"ஏனுங்க, மண்டை கிண்டை கொழம்பிப் போச்சா?"

"கைக்கு ஒண்ணுமே தெரியலை ஜூடி. எல்லாம் ஒரே வழவழப்பு. இது நம்ம கண்ணுக்குப் பண்ணுனது."

அங்கிருந்து எஞ்சின் இரண்டாம் தடவை பிறந்தது. வார்ப்பிரும்பு சொரசொரப்பாக இருக்கும் என்று, சலித்த மணலை வார்னிஷில் கலந்து மரத்தின் மேல் பூசினார். மரம் கனக்காதே என்று அதைக் குடைந்து, தேய்ந்த பேரிங் குண்டுகளை உள்ளே அடைத்தார். அலுமினியம் வரும் இடத்தில் நிஜமான அலுமினியம், கையை வைத்தால் ஜில்லென்று இருக்க வேண்டும். ரப்பர் வரும் இடத்தில் ரப்பர், அதாவது என் தையல் மிஷின். மூக்குக்கண்ணாடித் திருகுகள் போல்ட்டுகளாயின. கோத்தகிரி கண்ணாடிக் கடைக்காரர் ஒரு பொட்டலம் கொடுத்தார், எதற்கென்று கேட்டதற்கு இவர் எஞ்சினுக்கு என்று சொல்ல, அவர் மேலே எதுவும் கேட்கவில்லையாம். மழைக்காலத்தில் இரும்புத் துண்டுகள் துருப்பிடித்து விரலில் ஒட்டக் கூடாது என்று ஃபேக்டரி டஸ்ட் டீயைக் கெட்டியாகக் காய்ச்சி அதில் ஊறப் போட்டுக் கறுப்பேற்றினார். என் டீ வடிகட்டி அந்தக் கைங்கரியத்தில் போனது.

சசி அண்ணனுக்குப் பிரெய்லி தெரியாது, கற்றுக்கொள்ளச் சொன்னவர்களைத் துரத்திவிட்டார். அதனால் சிலிண்டர் நம்பர் தெரிய ஒவ்வொன்றின் அடியிலும் குத்தூசியால் புள்ளி வைத்தார். ஒன்றாம் நம்பருக்கு ஒரு புள்ளி, எட்டுக்கு எட்டு. என் பின்னல் ஊசிகளை வெட்டி, மூடிக்கு உள்ளே, யாருக்கும் தெரியாத இடத்தில் கம்பிகளாக நிறுத்தினார். மூடி மூடித்தானே இருக்கப்போகிறது, அந்த ஊசியையாவது விட்டுவைத்திருக்கலாமே என்றேன்.

"அவன் கழட்டுவான்," என்றார்.

ஆகஸ்ட் இரண்டாம் சனிக்கிழமை கிளம்பினோம். எஞ்சினைக் குக்கர் அட்டைப்பெட்டியில் வைத்து, சுற்றிலும் ஸ்வெட்டர் திணித்து, இவர் மடியில் வைத்துக்கொண்டார். ஊட்டியில் கூடலூர் பஸ் ஏறினோம். கண்டக்டர் பெட்டியில் என்ன என்று கேட்டார்.

"எஞ்சின்."

"ஓடுங்களா?"

"ஓடாது."

கண்டக்டர் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று தலையாட்டினேன். நடுவட்டம் தாண்டியதும் மேகம் ரோட்டில் இறங்கிவிட்டது. கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் சாயும்போதெல்லாம் இவர் பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் சாய்ந்தார். அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஜெபிக்கிறார் என்று தெரிந்தது. நானும் ஜெபித்தேன். வண்டி பத்திரமாகப் போக வேண்டும் என்று அல்ல, சசி அண்ணன் இந்த மனுஷனை நோகடிக்கக் கூடாது என்று.

சசி அண்ணன் டிவியில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். நாங்கள் உட்கார்ந்தோம். மழையைப் பற்றிப் பேசினோம். தேயிலையைப் பற்றிப் பேசினோம். என் கணவர் எஞ்சினை எடுத்து அவர் முன்னால் இருந்த டீப்பாயில் வைத்தார்.

"ஒண்ணு கொண்டு வந்திருக்கேன். தொட்டுப் பாரு."

"எனிக்குத் தொட ஒண்ணுமில்லடா," என்றார் சசி அண்ணன். டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

இவர் கையை மடியில் வைத்துக்கொண்டு எஞ்சினைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணா," என்றேன், "ஆறு மாசமா என் ஊட்டுல ஒரு சாமான் மிச்சமில்லை. ஊசி போச்சு, பெல்ட்டு போச்சு, டீ வடிகட்டி போச்சு. நீங்க தொடாமயே அனுப்பி வெச்சா இதை ஊட்டி வரைக்கும் திரும்பச் சுமக்கணும். என்னால முடியாதுங்க. ஒருக்கா கை வெச்சுட்டு, வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க."

மரியாதைக்காகத்தான் கையை நீட்டினார், எனக்குத் தெரியும். விரல் முதலில் மேலே பட்டது.

"கார்புரேட்டர்," என்றார். விரல் நகர்ந்தது. "மூணு." டிவியை அணைத்தார்.

அவர் இரண்டு கையும் எஞ்சின் மேல் இறங்கி ஏறியது. ஒயர்களை ஒவ்வொன்றாக எண்ணினார். புகைக்குழாயின் வளைவில் நகத்தால் கீறிப் பார்த்தார்.

"மணல் நெறச்சு வளைச்சதா?"

"ஆமா."

"அதான் நெளியலை. இந்த பெல்ட் தையல் மிஷினோடதல்லே?"

"என்னுதுங்க," என்றேன்.

அவர் முகத்தில் சிரிப்பின் ஓரம் தெரிந்தது. என் கணவர் மூச்சை விட்டார். அப்போது சசி அண்ணனின் இரு கட்டை விரலும் எஞ்சினின் முன்பக்கத்துக்கு வந்தன. வரிசைக்கு ஒரு விரலாக, இரண்டு வரிசையின் தலைப்பிலும் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். ஒரு விரல் கீழே போனதும் புள்ளி தட்டுப்பட்டது. ஒரு புள்ளி.

"ஞானா, முன்பக்கம் எது?"

"பெல்ட் இருக்கற பக்கம்."

"இடது எது?"

என் கணவர் அவர் கையைப் பிடித்துக் காட்டினார். "இது."

"ஆரோட இடது?"

"எதிர்ல நிக்கறவனோட இடது."

அந்தக் கணத்தில் எனக்கு விளங்கிவிட்டது. இவர் ஃபேக்டரியில் அது சட்டம். தேயிலையை நறுக்கும் ரோலருக்கு முன்னால் இரண்டு பேர் நின்று வேலை செய்யும்போது, இடது என்றால் மிஷினைப் பார்த்து நிற்பவனின் இடது. இதில் குழம்பினால் ஒருவன் விரல் போகும். இருபத்தெட்டு வருடம் அந்த இடதைக் காப்பாற்றியவர், என் தாளில் இடது என்று படித்ததும் எஞ்சினுக்கு எதிரே நின்று தன் இடது கைப்பக்கத்தை முன்னால் தள்ளிவிட்டார்.

"எடா மண்டா," என்றார் சசி அண்ணன். குரல் உயர்ந்தது. "வண்டிக்கு இடதும் வலதும் சீட்டில இருக்கறவனோடதல்லே? எதிர்ல நின்னு இடது பார்த்தா வண்டி உன் மேலதான் ஏறும்."

என் கணவர் எஞ்சினைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அப்ப மொத்தமும் தப்பா?"

"மொத்தமும் கண்ணாடியில பார்த்த மாதிரி இருக்கு."

"முன்னாடி பின்னாடி திருப்பி வெச்சுட்டா சரியாயிடாதா?"

"ஆகாது," என்று நானும் சசி அண்ணனும் ஒரே நேரத்தில் சொன்னோம். எனக்குக் கணக்கு, அவருக்குக் கை. அவர் தன் இரு உள்ளங்கையையும் நீட்டிக் காட்டினார். "வலது கை உறையை எப்படித் திருப்பினாலும் இடது கையில கேறுமாடா? மரத்தையே புதுசா செதுக்கணும்."

"அப்படியெல்லாம் இல்லை," என்று என் கணவர் சொன்னார். சொன்னார் என்பதைவிடக் கத்தினார் என்று எழுதுவது சரி. "ஃபேக்டரியில வந்து கேளு. இடதுன்னா இதுதான் இடது."

"நிண்டெ ஃபேக்டரிக்கு டயர் உண்டோ?"

அரை மணி நேரம் சண்டை. வயது ஐம்பத்துமூன்று ஆன இரண்டு ஆண்கள் எது இடது என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். இவன் படித்த ஐ.டி.ஐ.யையே மூட வேண்டும் என்றார் ஒருவர். தன் பிக்கப்புக்குக் கால் நூற்றாண்டாக எஞ்சின் போடத் தெரியாதவன் பேசக் கூடாது என்றார் மற்றவர். அதைக் கேட்டு எனக்குத் திக்கென்றது, அந்தப் பேச்சை எடுக்கலாமா என்று. சசி அண்ணனோ அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார். ரேணுகா கரண்டியும் கையுமாகச் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"இவரு சத்தம் போட்டு ரெண்டு வருஷமாச்சு டீச்சர்," என்று என் காதில் சொன்னார்.

"ரேணு," என்று சசி அண்ணன் கூப்பிட்டார். "என்டெ சின்ன டூல் பெட்டி எவிடே?"

அது கொடுப்பதற்காகச் சாக்கில் கட்டிப் பின்பக்கம் வைத்திருந்தது. ரேணுகா முடிச்சை அவிழ்க்கப் பொறுமையில்லாமல் அரிவாள்மனையில் சணலை அறுத்தார். பெட்டி வந்தது. சசி அண்ணன் திறந்து, தேடாமல், சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். திருகைத் தொட்டுக்காட்ட நீண்ட என் கணவரின் கையைத் தட்டிவிட்டார். நாலு திருகு. மூடி கழன்றது. உள்ளே விரலை விட்டவர், வரிசையாக நிற்கும் ஊசிக்கம்பிகளைத் தொட்டதும் அப்படியே நிறுத்திவிட்டார்.

"இது ஆரும் பார்க்காத இடமல்லே," என்றார்.

"நீ கழட்டுவேன்னு தெரியும்."

சசி அண்ணன் அழுதார், மறைக்கவில்லை. என் கணவரும் அழுதார், முகத்தைத் திருப்பிக்கொண்டு மறைத்தார், யாரிடமிருந்து என்றுதான் தெரியவில்லை. எனக்கு அவர்கள் இருவர் மேலும் அப்படி ஒரு பாசம் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷனோடு எத்தனையோ சண்டை போட்டிருக்கிறேன். அன்றைக்கு அவர் மனைவியாக அங்கே உட்கார்ந்திருப்பது எனக்குப் பெருமையாக இருந்தது.

மூன்று மணிக்குள் எஞ்சின் முழுவதும் கழன்று ரேணுகாவின் தட்டுகளிலும் டம்ளர்களிலும் கிடந்தது. மரக்கட்டை மட்டும் தனியாக நின்றது. எங்களுக்குப் பஸ் நேரமாகிவிட்டது.

"புதுக் கட்டை செதுக்கி அடுத்த மாசம் கொண்டு வர்றேன்," என்றார் என் கணவர்.

"நீ செதுக்கினா மறுபடியும் ஃபேக்டரி இடதுதான் வரும்," என்றார் சசி அண்ணன். கட்டையைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். "மரம் இனியும் உண்டோ?"

"எங்க ஊட்டுல ஒரு துண்டு கிடக்கு."

"அரமெல்லாம்?"

"ஊட்டுலதான்."

சசி அண்ணன் கட்டையைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார்: "அரவேணுக்கு எத்தனை பஸ் மாறணும்?"

ரேணுகா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"ஊட்டியில ஒண்ணு, கோத்தகிரியில ஒண்ணு," என்றேன்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை வர்றேன். ரேணு, என்டெ செருப்பு எங்கேன்னு பாரு. வார் அறுந்திருந்தா தைக்கக் கொடுக்கணும்."

ரேணுகா உள்ளே போனார். இரண்டு வருடமாக யாரும் தேடாத செருப்பு. வெகு நேரம் அவர் வரவில்லை. உள்ளே அவர் அழுவது கேட்டது. நாங்கள் மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமை எந்த பஸ் சரிப்படும் என்று சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தோம்.